பன்னிரண்டு ஜாடி

வெர்லின் அதைச் சொல்லும்போது
வெள்ளரிக்காய்க்கு உப்புப் போட்டு முடித்திருந்தேன்.

வியாழக்கிழமை, இரவு ஒன்பதே கால்.
பறிக்க மறந்து, முழங்கை நீளத்துக்கு வளர்ந்து,
அடியில் மஞ்சள் தட்டிய காய்கள்.
முழுசாக ஊறப்போட லாயக்கில்லை.
இந்த மாதிரிக் காய்களுக்காகத்தான்
ரெலிஷ் என்று ஒன்றைக் கண்டுபிடித்திருப்பார்கள்.
நெடுக்கே பிளந்து,
விதையைக் கரண்டியால் வழித்து,
கைப்பிடி சுற்றும் அரவையில் நறநறவென்று விட்டு,
இரண்டு சிவப்புக் குடைமிளகாய், நாலு வெங்காயம்,
மேலே அரைக் கோப்பைக் கல்லுப்பு.

"லிங்கனில் ஒரு அறை பார்த்திருக்கிறேன்" என்றான்.
"எப்போதிலிருந்து?" என்றேன்.
"முதல் தேதியிலிருந்து."
நான் கேட்டது அதை இல்லை.

பாத்திரத்தின் மேல் துணியைப் போட்டேன்.
முடிவெடுத்துவிட்ட மனுஷனிடம்
பேசிப் பார்க்கலாம்.
உப்புப் போட்ட காயிடம் முடியாது.
விடிந்தால் அதைப் பிழிந்தே ஆகவேண்டும்.

அன்றிரவு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.
காய் அப்படித்தான் நீர் விடும்.

பள்ளிப் பேருந்தின் காலை நடை முடித்து
எட்டரைக்குத் திரும்பினால்
ஜாடிகளை வெந்நீரில் இறக்கிக்கொண்டிருக்கிறான்.
நான் கேட்கவில்லை.
இருபத்தாறு ஆகஸ்டுகளாக இறக்கிய கை,
அதற்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை போல.

பழைய தலையணை உறையில் காயைக் கொட்டி
ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கினோம்,
அவன் வலப்பக்கம், நான் இடப்பக்கம்.
பச்சைத் தண்ணீர் தொட்டிக்குள் நூலாக இறங்கியது.
எதிரெதிராக முறுக்கினால்தான் இறங்கும்.
இதெல்லாம் இப்போது தோன்றுவது.
அப்போது நினைத்தது என் மணிக்கட்டை மட்டும்.

வினிகர் கொதித்தது.
கடுகு, செலரி விதை, நிறத்துக்குக் கொஞ்சம் மஞ்சள்.
வருஷா வருஷம் நான் சர்க்கரையைக் குறைப்பேன்,
நான் திரும்பும் நேரம் பார்த்து அவன் கூட்டுவான்.
இந்த முறை என் கண்முன்னாலேயே
இன்னொரு கோப்பை போட்டான்.
பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏணியைத் திருப்பித்தர வந்த ஆர்டித்
வாசலிலேயே இருமினாள்:
"ரெண்டு பேருக்கா இவ்வளவு?"
யாரும் பதில் சொல்லவில்லை.
ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனாள்.

ஜாடியின் கழுத்தில் அரை அங்குலம்
காலியாக விடவேண்டும்.
ததும்ப நிரப்பினால் மூடி பிடிக்காது.
அந்த அரை அங்குலத்தை அளப்பவன் அவன்.
கடைசி ஜாடியை மட்டும் நான் நிரப்பினேன்,
மிச்சம் வைக்க மனமில்லாமல்.

கொதிநீரில் பத்து நிமிஷம். பிறகு துண்டு விரித்து
வரிசையாக வைத்து,
மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம்.
சூடு அடங்க அடங்க
மூடி தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளும்.
டிங்.
சோளக்காட்டுப் பக்கம் ஒரு டிராக்டர்.
டிங். டிங்.
"ஆளுக்கு ஆறு" என்றான், இன்னும் நாலு பாக்கி இருக்கும்போதே.

பதினொன்றோடு நின்றுவிட்டது.
பன்னிரண்டாவது மூடியை விரலால் அழுத்தினேன்,
துள்ளி மேலே வந்தது.
"நீ ஆறு வைத்துக்கொள்."
"எனக்கு எதற்கு? நீ எடுத்துக்கொண்டு போ."
"நான் ஒருத்தன், அங்கே ஒரே ஒரு அலமாரி."
"நான் மட்டும் என்ன ரெண்டு பேரா?"
குரல் உயர்ந்தது. மேஜையில் கை தட்டினேன்,
ஜாடிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.
இரண்டு வருஷத்தில் எங்களுக்குள் நடந்த
முதல் சண்டை.

மாலை நடைக்கு நேரமாகிவிட்டது.
மூன்றாவது நிறுத்தத்தில் ஏறும் பையன்
பேருந்தில் என்ன இப்படி வினிகர் வாடை என்றான்.
என் மேல்தான்.

மூடி பிடிக்காததைப் பெட்டியில் வைக்கக் கூடாது,
குளிர்பெட்டியில் வைத்து முதலில் தின்ன வேண்டும்.
தின்றோம். அவன் சாசேஜோடு,
நான் வேகவைத்த முட்டையோடு,
ஒரே கரண்டியால், வேறு வேறு நேரத்தில்.

முதல் தேதி ஐந்து ஜாடி கொண்டுபோனான்.
குளிர்பெட்டியைத் திறந்தேன்.
பாதி இருந்தது.
கரண்டி உள்ளேயே நின்றது.
வாயில் போட்டுப் பார்த்தேன்.

சர்க்கரை அதிகம்.
சொன்னால் கேட்கமாட்டான்.